ராத்திரியில தண்ணி ரொக்கெட்: லைட்ட எங்க வைக்கிறது?

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 18, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டுல, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷன்ல பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். 11 பேர், ஆறாம் ஆண்டுல இருந்து ஒன்பதாம் ஆண்டு வரைக்கும். ரெண்டு வருஷமா பகல்ல தண்ணி ரொக்கெட் விடுறோம். 1.5 லீற்றர் சோடா போத்தல், மூணுல ஒரு பங்கு தண்ணி, கால் பம்மால 70 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காத்து, கேபிள் டை பூட்டு. கயித்த இழுத்தா பூட்டு விடும், தண்ணி கீழ பீய்ச்ச போத்தல் மேல போகும். அதுல பிள்ளைகள் இப்ப என்னையே மிஞ்சிட்டாங்க.

பொங்கலுக்கு ராத்திரியில விடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சரின்னு போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வெசாக் விளக்குக் கூட்டுக்குச் சுத்துவாங்களே, அந்த செப்புக்கம்பி லைட்ட ரெண்டு மீற்றர் வாங்கி போத்தலச் சுத்தி ஒட்டினோம். செல் பெட்டிய மூக்குல வச்சோம். தரையில நிக்கும்போது மாரியம்மன் தேர் மாதிரி ஜொலிச்சுது. கயித்த இழுத்தேன். 'சர்ர்'ன்னு ஒரு சத்தம், மூஞ்செல்லாம் தண்ணி, அவ்வளவுதான். மேல ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு தேயிலைக்குள்ள எங்கயோ 'தொப்'புன்னு விழுந்துச்சு. முக்கால் மணி நேரம் போன் டோர்ச்ச வச்சுத் தேடினோம். எனக்கு மூணு அட்டை கடிச்சுது, ஒரு பையனுக்கு ஏழு.

காலையில போய்ப் பார்த்தா கானுக்குள்ள, அதான் தேயிலை நடுவுல வெட்டியிருக்கிற வடிகாலுக்குள்ள, தலைகுப்புறக் கிடக்குது. லைட் ஜம்முனு எரியுது! மேல போகும்போது அணைஞ்சது கீழ வந்ததும் எப்படி எரிஞ்சுச்சு? பேய் ஊதி அணைச்சிருச்சுன்னு பிள்ளைகள் முடிவே கட்டிட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க. லைட் எந்த எடத்துல இருக்கணும், என்ன கலர் நல்லதுன்னும் சொன்னா புண்ணியம்.

லயத்துப் பொடியன்
டிசம்பர் 18, இரவு 9.31

ஏழு அட்டையா! அந்தப் பையனுக்குத்தான் முதல் பரிசு.

மின்மினி
டிசம்பர் 18, இரவு 10.02

பேயும் இல்ல ஒண்ணும் இல்ல சார். நான் ஹட்டன்ல ரேடியோ, டோர்ச் ரிப்பேர் பாக்கிறவன். அந்தச் செல் பெட்டியத் திறந்து பாருங்க, ஒரு பக்கம் தட்டைத் தகடு, மறு பக்கம் ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் பக்கம் வாலப் பார்த்து இருந்துச்சா, மூக்கப் பார்த்து இருந்துச்சா?

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 19, காலை 6.15

வாலப் பார்த்து. பெட்டியப் படுக்க வச்சு மூக்குல ஒட்டியிருந்தோம்.

மின்மினி
டிசம்பர் 19, காலை 7.40

அப்ப ஒரு வேலை செய்ங்க. லைட்டப் போட்டுட்டு, பெட்டிய அதே மாதிரி கையில பிடிச்சு, தர்மாமீட்டர உதறுவமே அப்படி ஓங்கிக் கீழ உதறிச் சட்டுன்னு நிறுத்துங்க. என்ன ஆகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 19, மாலை 5.50

அண்ணே, நீங்க கில்லாடி! ரெண்டாவது உதறல்லயே அணைஞ்சிருச்சு. திறந்து பார்த்தா ரெண்டு செல்லுல ஒண்ணு சாய்ஞ்சு ஸ்பிரிங்குல மாட்டிக்கிட்டு நிக்குது. திரும்ப மூடி, தலைகீழாக் கவிழ்த்து மேசையில ஒரு தட்டு தட்டினேன், எரிஞ்சுச்சு. ரொக்கெட் மூக்குக் குத்தி விழுந்ததுல செல் பழைய எடத்துக்கு வந்திருக்கு. பிள்ளைகளுக்கு உதறிக் காட்டினேன். பேய் போச்சேன்னு ரெண்டு பேருக்கு வருத்தம்.

மின்மினி
டிசம்பர் 19, இரவு 8.25

விஷயம் இதுதான். 70 பி.எஸ்.ஐ.ன்னா ஏறக்குறைய 4.8 பார். போத்தல் வாய் முழுசாத் திறந்திருந்தா உட்சுற்று 22 மில்லிமீற்றர். அந்த அழுத்தத்துல கிளம்புற தள்ளுவிசை 350 நியூட்டனுக்கு மேல வருது. தண்ணியோட சேர்த்து ரொக்கெட் 600 கிராம் இருக்கும். வகுத்துப் பாருங்க, புவியீர்ப்புப் போல 60 மடங்கு. தண்ணி வெளியேற வெளியேற எடை குறையிறதால இன்னும் கூடும். பொத்தான் மாதிரி இருக்கிற ஒரு சி.ஆர். 2032 செல் 3 கிராம். அந்த நேரத்துல அது 180 கிராம் கல்லு மாதிரி ஸ்பிரிங்க அமுக்கும். கடையில விக்கிற பெட்டி ஸ்பிரிங் கொலுசுக் கம்பியவிட மெல்லிசு, அது எங்க தாங்கப் போகுது?

தண்ணி வெளியேறி முடிய ஒரு நொடியில பத்துல ஒரு பங்குகூட ஆகாது. ஆனா அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துலதான் எல்லாச் சேதமும். அதனால:

பெட்டியே வேணாம். எல்.ஈ.டி.யோட ரெண்டு காலையும் செல்லோட ரெண்டு முகத்துல வச்சு, மின்சாரக்காரங்க கறுப்பு டேப்பால இறுக்கி மூணு சுத்து. செல்லுல நேரடியா ஈயம் வச்சு ஒட்டாதீங்க, சூட்டுல செல் செத்துரும், வெடிக்கவும் பார்க்கும். டேப் போதும். பெட்டிதான் வேணும்னா, செல்லோட தட்டைப் பக்கம் போத்தலோட பக்கவாட்டப் பார்க்கிற மாதிரி, குறுக்க வைங்க. அப்ப ஏறும்போதும் விழும்போதும் தள்ளல் ஸ்பிரிங் மேல வராது.

சுவிட்சும் அப்படித்தான். தள்ளுற சுவிட்ச நெடுக்க வச்சா அதுவே தள்ளிக்கும்.

கங்குல்
டிசம்பர் 20, பகல் 12.05

இவ்வளவு ஏன் மினக்கெடணும்? வாலுல நாலு கம்பி மத்தாப்பக் கட்டிக் கொளுத்தி விடுங்க, வால்நட்சத்திரம் மாதிரிப் போகும். அசல் ரொக்கெட் மாதிரி இருக்கும்.

பழைய கணக்கப்பிள்ளை
டிசம்பர் 20, பகல் 12.40

தம்பி, தை மாசிக்கு மானாப்புல்லு எப்படிக் காஞ்சு கிடக்கும்னு பார்த்திருக்கியா? ஒரு பீடித் துண்டுல ஒரு மலையே போனத நான் கண்ணால பார்த்தவன். அணைக்கப் போனவங்க பச்சக் கிளையால அடிச்சு அடிச்சு விடிஞ்சிருச்சு. நெருப்ப மேல அனுப்புற பேச்சே வேணாம்.

மட்டுறுத்துனர்
டிசம்பர் 20, பகல் 1.15

மத்தாப்பு, பட்டாசு மருந்து, வீட்டில் மருந்து அரைப்பது பற்றிய பேச்சு இந்த இழையில் வேண்டாம். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்து செய்வது குற்றம். விரல் போனால் அதுவும் திரும்ப வராது. தண்ணீரும் காற்றும் போதும்.

பழைய ஹட்டன்காரன்
டிசம்பர் 20, இரவு 11.48

பிள்ளைகளின் முயற்சியைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. நான் பிறந்தது டிக்கோயாப் பக்கம். இப்போது அமெரிக்காவில். இங்கே வெடிமருந்து மோட்டார் வைத்த மாதிரியுரு ரொக்கெட்டுகளை ஒரு கழகத்தோடு சேர்ந்து விடுகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று இரவு ஏவல் உண்டு. உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

இங்கே கடையில் விற்கும் மோட்டாரில் சி6-5 என்று எழுதியிருக்கும். 'சி' என்பது மொத்தக் கணத்தாக்கின் (தள்ளுவிசையை நேரத்தால் பெருக்கியது) வகுப்பு, 10 நியூட்டன்-நொடிக்கு மேற்படாது. 6 என்பது சராசரித் தள்ளுவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் எத்தனை நொடி கழித்துப் பரசூட்டைத் தள்ளும் என்பது. மருந்து எரிவது இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். அதனால் இரவில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள்: ஏறும்போது அழகாகத் தெரியவேண்டும் என்று வால் பக்கம் முழுக்க விளக்கை ஒட்டுவார்கள். ஏறும்போது விளக்கே தேவையில்லை, நெருப்பே காட்டிவிடும். நெருப்பு அணைந்த பிறகுதான் இருட்டு. உச்சியில் மூக்கு கழன்று, உடலும் மூக்கும் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கும். அப்போது எது எங்கே என்று தெரியவேண்டும். நான் மூக்கில் ஒன்று, உடலில் ஒன்று என்று இரண்டு தனித்தனி விளக்கு வைப்பேன், தனித்தனி பெட்டரியோடு. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

உங்கள் தண்ணீர் ரொக்கெட்டில் நெருப்புக்கூட இல்லை. ஆனாலும் கணக்கு அதேதான். ஏறுவது மூன்று நொடி. இறங்கித் தரையில் கிடப்பது ராத்திரி முழுக்க. விளக்கு அந்த ராத்திரிக்காக.

பாதுகாப்பு விஷயத்தில் இங்குள்ள தேசிய ரொக்கெட் சங்கத்தின் விதிக்கோவையை நாங்கள் பின்பற்றுகிறோம். 1957இல் தொடங்கிய சங்கம். ஏவுதளத்திலிருந்து சின்ன மோட்டாருக்கு 5 மீற்றர், பெரிதுக்கு 9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நேர் மேலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது. காற்று மணிக்கு 32 கிலோமீற்றரைத் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டும். உங்கள் போத்தலுக்கும் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இருட்டில் 5 மீற்றரை 10 மீற்றர் ஆக்குங்கள், ஏனென்றால் ஓடவேண்டி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது.

பெரிய ரொக்கெட்டை, அதாவது மருந்து 125 கிராமுக்கோ மொத்த எடை 1.5 கிலோவுக்கோ மேற்பட்டதை, சூரியன் மறைந்தபின் விடுவதானால் இங்கே விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் முன்னனுமதி வேண்டும். சின்னதுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு வேண்டுகோள்: மோட்டாரைப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள் என்று யாரும் தனிமடலில் கேட்காதீர்கள். அதை விமானத்தில் பயணப் பெட்டிக்குள் கொண்டுவரவே முடியாது.

லயத்துப் பொடியன்
டிசம்பர் 21, காலை 8.02

நான்தான் கேட்டேன். மன்னிச்சிருங்க ஐயா.

ஊவாக்காரி
டிசம்பர் 21, மாலை 4.30

பண்டாரவளையிலிருந்து. விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம்முடைய கண்ணில் இருட்டில் வேலை செய்யும் கலங்கள் வேறு, வெளிச்சத்தில் வேலை செய்பவை வேறு. இருட்டுக் கலங்களுக்குப் பச்சையும் நீலப்பச்சையும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். அந்தப் பழக்கத்தை ஒரு போன் டோர்ச் ஒரே நொடியில் கெடுத்துவிடும். ஆகவே ரொக்கெட்டில் பச்சை, தரையில் வேலை செய்யும் டோர்ச்சில் சிவப்பு. டோர்ச்சுக்குச் சிவப்பு டொபி தாள் நாலு மடிப்பு ஒட்டினால் போதும்.

மின்மினி
டிசம்பர் 21, இரவு 7.15

டீச்சர் சொல்றது படிப்புக்குச் சரி. ஆனா ஒரு சி.ஆர். 2032 செல்லுல பச்சையும் வெள்ளையும் ரொம்ப நேரம் ஓடாது. இப்ப வர்ற பளிச் பச்சை, நீலம், வெள்ளை எல்லாத்துக்கும் 3 வோல்ட் கிட்ட வேணும். செல்லே 3 வோல்ட்தான். குளிருல, சுமையில அது 2.7க்கு இறங்கினா வெளிச்சம் பாதியாப் போயிரும். சிவப்புக்கு 1.8, 2 வோல்ட் போதும். செல் சாகுற வரைக்கும் எரியும். 220 மில்லியாம்பியர்-மணி செல்லுல 5 மில்லியாம்பியர் இழுத்தா 40 மணி நேரம். ராத்திரியில காணாமப் போனத மறுநாள் தேடுறதுக்கு சிவப்புதான் கை கொடுக்கும்.

ஊவாக்காரி
டிசம்பர் 21, இரவு 7.52

அப்படியென்றால் இரண்டும் வைக்கலாமே. மூக்கில் பச்சைக்கு இரண்டு செல்லை அடுக்கி ஒரு தடை போட்டு, வாலில் சிவப்புக்கு ஒரு செல். பச்சை முன்னால், சிவப்பு பின்னால் என்றால் வேறொரு லாபமும் உண்டு: இறங்கும்போது எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்று தரையிலிருந்தே பிள்ளைகள் சொல்லலாம். சிவப்பு முந்தினால் ரொக்கெட் வால் கீழாக வருகிறது, மூக்கில் எடை போதவில்லை.

மின்மினி
டிசம்பர் 21, இரவு 8.10

ஒத்துக்கிறேன் டீச்சர். பச்சைக்கு 6 வோல்ட், 330 ஓம் போடுங்க, 9 மில்லியாம்பியர் கிட்ட போகும். தானே மினுக்குற சிவப்பு எல்.ஈ.டி. கடையில கிடைக்குது, உள்ளுக்கே சிப் இருக்கு, நொடிக்கு ரெண்டு தடவை கிட்ட மினுக்கும். ஆனா சிலது 3 வோல்ட்டுல தகராறு பண்ணும், வாங்கும்போதே செல்ல வச்சுப் பார்த்து வாங்குங்க. டவுன்ல ஒரு கடையில எனக்கு டப்பாவோட செத்த செல்லத் தந்து, திருப்பிக் கொண்டு போனதுக்கு 'நீங்க ஏதாவது பண்ணியிருப்பீங்க'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் மீற்றரச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் கடைக்கே போறேன்.

இன்னொண்ணு. 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. கண்ணாடித் தலை வெளிச்சத்த நேரா மட்டும்தான் அனுப்பும். பக்கத்துல நின்னா மங்கல். தலையத் தேய்க்கிற தாள்ல நல்லாத் தேய்ச்சு வெள்ளையாக்குங்க. அதவிட நல்லது பிங்பொங் பந்து. 40 மில்லிமீற்றர், 2.7 கிராம்தான். சூடான ஊசியால அடியில ஓட்ட போட்டு எல்.ஈ.டி.ய உள்ள விட்டா பந்து முழுக்க எரியும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே வெளிச்சம். ரொக்கெட்டுக்கு மூக்கும் ஆச்சு. ஊசியக் கொஞ்சமாச் சூடாக்குங்க, பழைய பந்தெல்லாம் செலுலொயிட், சட்டுன்னு பத்திக்கும். புதுசு அப்படியில்ல.

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 22, காலை 6.30

பந்து யோசனை அருமை அண்ணே. எடை கூடினா உயரம் குறையாதா?

பழைய ஹட்டன்காரன்
டிசம்பர் 22, காலை 10.20

தண்ணீர் ரொக்கெட் வெறும் போத்தலாக மிக இலேசாக இருந்தால் தண்ணீர் தீர்ந்ததும் காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். இலேசான பந்தை எறிந்து பாருங்கள், பிறகு கல்லை எறிந்து பாருங்கள். மூக்கில் 20 கிராம் கூடினால் உயரம் பெரும்பாலும் குறையாது, நேராகவும் போகும். எடை மையம் காற்று மையத்துக்கு (காற்றின் தள்ளல் ஒன்றுசேரும் புள்ளிக்கு) முன்னால் ஒரு போத்தல் அகலமாவது இருக்க வேண்டும். ரொக்கெட்டை விரலில் நிறுத்திப் பார்த்தால் எடை மையம் தெரிந்துவிடும். ஆகவே விளக்கை வாலில் கட்டாமல் மூக்கில் கட்டினால் பாரம் வைக்கும் வேலையும் சேர்ந்து முடிந்தது.

வாலில் வைக்கும் சிவப்பு ஒரு செல்லோடு 4 கிராமுக்குள் முடியட்டும். அதற்கு ஈடாக மூக்கில் கொஞ்சம் களிமண்.

பழைய கணக்கப்பிள்ளை
டிசம்பர் 22, பகல் 2.15

நான் பாரத்தப் பத்திச் சொல்ல வரல. ராவுல மலைக்குள்ள எறங்காதீங்க. அட்டை பெரிசில்ல. கான் ரெண்டடி ஆழம், மேல புல்லு மூடியிருக்கும், கால் போனா முட்டி பேந்துரும். பன்னிக்குக் கம்பி வச்சிருப்பான். சிறுத்தையும் இருக்கு, பொய்யில்ல, நம்ம பக்கம் லயத்துக்கு, வரிசை வீட்டுக்குப் பின்னால நாயத் தூக்கிட்டுப் போறது எல்லாருக்கும் தெரியும். விழுந்த எடத்த ரெண்டு பக்கமிருந்து குறி பார்த்து வச்சுக்குங்க, விடிஞ்சு போய் எடுங்க.

அப்புறம் முன்னாடியே காவக்காரனுக்கும் லயத்துக்கும் சொல்லிப் போடுங்க. வெள்ளாவிப் பானை மூடி மாதிரி ஒரு பச்ச வெளிச்சம் மேல போய் வந்துச்சுன்னா கிழவிங்க குறி கேக்கப் போயிருவாங்க. தோட்டத்து ஆபீசுலயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறது நல்லது.

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 22, மாலை 6.00

சரிங்க ஐயா. காவக்காரர் எங்க பெரியப்பா முறைதான், அவரையே கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வச்சிடுறேன். தோட்டத்துலயும் கேட்டாச்சு. பிள்ளைக் காம்பராவுக்கு (வேலைக்குப் போறவங்க குழந்தைகளப் பாத்துக்கிற எடம்) பின்னாடி இருக்கிற மைதானத்துல, எட்டு மணிக்குள்ள முடிச்சிரணும்னு சொல்லியிருக்காங்க.

ஊவாக்காரி
டிசம்பர் 22, இரவு 8.40

எட்டு மணி நல்ல நேரம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் பகல்காற்று அடங்கும். பிறகு சரிவில் குளிர்ந்த காற்று மெல்ல மேலிருந்து கீழே வழிய ஆரம்பிக்கும். இறங்கும் ரொக்கெட் பள்ளத்துப் பக்கமே சாயும், அதனால் ஏவுதளத்தை மைதானத்தின் மேட்டு ஓரத்தில் வையுங்கள். உங்கள் பக்கம் தை மாசிதான் வானம் வெளிக்கும். எங்களுக்கு அப்போது வாடை மழை, ஆடி ஆவணியில் தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும்போதுதான் எங்களுக்குத் தெளிவு.

பனி இறங்கினால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று நம் லொறிக்காரர்கள் ஹெட்லைட்டில் மஞ்சள் பொலித்தீன் ஒட்டுவார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது; பத்து மைக்ரோமீற்றர் அளவு. அந்த அளவுத் துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நல்லதண்ணிப் பக்கம் சீசன் நேரம் நின்று பாருங்கள், சிவனொளிபாதமலைப் படி வரிசை முழுக்க வெள்ளை விளக்கு, பல கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரியும். ஒரு முகில் வந்தால் நடுவில் அறுந்த மாலை மாதிரி ஆகிவிடும். எந்த நிறமானாலும் அதே கதிதான்.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் வேகம் அளக்க ஆசைப்படுவார்களா?

பனிக்காட்டு வாத்தி
டிசம்பர் 22, இரவு 8.47

டீச்சர்! சொல்லுங்க.

ஊவாக்காரி
டிசம்பர் 23, மாலை 5.10

போனை முக்காலியில் வைத்து, கமராவில் கையால் அமைக்கும் முறைக்குப் போய், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 8 நொடி. ஏவுவதற்கு ஒரு நொடி முன்னால் ஷட்டரைத் திறக்கவும். ரொக்கெட் போன பாதை ஒரே கோடாக விழும். மூக்கில் உள்ள பச்சை மினுக்கினால் கோடு, கோடு, கோடாக விழும். அங்கேதான் கணக்கு இருக்கிறது.

நொடிக்குப் பத்து தடவை மினுக்கவேண்டும். அதற்கு 555 என்ற மினுக்கல் சிப், 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் தடைகள், 1 மைக்ரோபரட் கொள்ளளவி. 1.44ஐ 10, 68, 68 கிலோ ஓம்களின் கூட்டாலும் கொள்ளளவாலும் வகுத்தால் 9.9 வரும், பத்து என்றே கொள்ளலாம். சாதாரண 555க்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும், இரண்டு செல் அடுக்கினால் சரி. 7555 என்ற வகை கிடைத்தால் 2 வோல்ட்டிலும் ஓடும்.

ஏவுதளத்துக்குப் பக்கத்தில் 2 மீற்றர் மூங்கிலை நட்டு மேலும் கீழும் ஒரு சின்ன விளக்கு வையுங்கள். படத்தில் அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் 80 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் இரண்டரை சென்ரிமீற்றர். அடுத்தடுத்த இரண்டு கோட்டின் தொடக்கத்துக்கு நடுவில் 96 பிக்சல் இருந்தால் 2.4 மீற்றர், அதைப் பத்தில் ஒரு நொடியில் போயிருக்கிறது. நொடிக்கு 24 மீற்றர், மணிக்கு 86 கிலோமீற்றர். தலவாக்கலை பஸ் வளைவில் போகும் வேகத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்தது. தண்ணீர் தீர்ந்தபின் ஏறும்போது புவியீர்ப்பு மட்டும் இழுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட 10 சென்ரிமீற்றர் குறையவேண்டும், அதாவது 4 பிக்சல். உங்கள் படத்தில் 4க்கு மேல் குறைந்தால், மிச்சம் முழுக்க காற்றின் வேலை. உச்சியை நெருங்கும்போது அது 4க்கே வந்து நிற்கும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியும் ஏறாத பிள்ளைக்கு இது ஏறும். கமராவைக் குறைந்தது 60 மீற்றர் தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் மேலே போகப் போக அளவு மாறிவிடும்.

மின்மினி
டிசம்பர் 23, இரவு 9.00

சூடான பசைத் துப்பாக்கியால போத்தல்ல எதையும் ஒட்டாதீங்க சார், பிளாஸ்டிக் அந்த எடத்துல பலமிழந்து அழுத்தத்துல கிழியும். சுப்பர் குளுவும் வேணாம். டேப்தான். தண்ணிப் போத்தல் மெல்லிசு, வேணவே வேணாம், காஸ் அடிச்ச சோடாப் போத்தல் மட்டும். ராத்திரியில கீறல் கண்ணுக்குத் தெரியாது, பகல்லயே பார்த்து எடுத்து வைங்க.

பனிக்காட்டு வாத்தி
ஜனவரி, பொங்கல் முடிஞ்ச ஞாயிறு, இரவு 7.20

வெள்ளிக்கிழமை விட்டோம்! மூணு ரொக்கெட்.

முதலாவது: பந்து மூக்கு, பச்சை, மினுக்கல் இல்லாம. உச்சிக்குப் போய் ஒரு கணம் அசையாம நின்னுச்சு பாருங்க, பகல்ல ரெண்டு வருஷமா விட்டும் அந்த நிக்கிறத நாங்க யாரும் பார்த்ததில்ல. பகல்ல போத்தல் வானத்தோட கலந்துரும். இருட்டுல உச்சி மட்டும் தனியாத் தெரிஞ்சுது. மைதானத்துலயே விழுந்துச்சு. பந்து நசுங்கிருச்சு, எல்.ஈ.டி. எரிஞ்சுது.

ரெண்டாவது: 555 வச்சது. ஷட்டர நான் ரொக்கெட் கிளம்பி அரை நொடி பிந்தித் திறந்துட்டேன், முதல் நாலஞ்சு கோடு போச்சு. மிச்சம் 14 கோடு கிடைச்சுது. பிள்ளைகள் சுவருல ஒட்டி அடிமட்டத்தால அளந்தாங்க. கீழ்க் கோடுகள்ல ஒவ்வொண்ணுக்கும் 9, 8, 7 பிக்சல்னு குறையுது. மேல போகப் போக 5, 4. டீச்சர், ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒண்ணு 'அப்ப மேல காத்து இல்லையா சார்'னு கேட்டுச்சு. காத்து இருக்கு, வேகம்தான் இல்லன்னு சொன்னேன். அது ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அப்ப குடை ஓடும்போது மட்டும் இழுக்கிறது இதாலதானான்னு கேட்டுச்சு.

மூணாவது விடுறதுக்குள்ள பனி இறங்கிருச்சு. விடவா வேணாமான்னு யோசிச்சேன், பெரியப்பா விடுடான்னார். பத்து மீற்றருக்கு மேல ரொக்கெட் தெரியல. ஆனா அது போன வழியெல்லாம் பனி பச்சையாப் புகைஞ்சுது, சட்டி அடியில பாசி பிடிச்ச மாதிரி. லயத்துல இருந்து ஊன்னு சத்தம். அப்புறம் அது எங்க விழுந்துச்சுன்னே தெரியல. தேடப் போகல. ஐயா பேச்ச மீறல.

சனிக்கிழமை காலையில 6 மணிக்கு நான் போய்த் தேடினேன், கிடைக்கல. பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினாங்க. மூணாம் நிரைக்குப் போன ஒரு அத்தை கூடையில இருந்து எடுத்துத் தராசுக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. வாலுல சிவப்பு இன்னும் மினுக்குது. செடிக்குள்ள எதுவோ கண்ணச் சிமிட்டுதுன்னு முதல்ல தள்ளி நின்னாங்களாம், பக்கத்து நிரைக்காரிதான் மட்டக் கம்பால தட்டிப் பார்த்து எடுத்திருக்கா. கூடையோட நிறுத்ததால போத்தல் எடையக் கழிக்கணும்னு எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கார். கழிச்சாச்சு.

மின்மினி
ஜனவரி, ஞாயிறு, இரவு 7.58

14 மணி நேரம் மினுக்கியிருக்கு! செல்ல மாத்தாம வைங்க சார், எப்ப சாகுதுன்னு பார்ப்போம்.

பழைய கணக்கப்பிள்ளை
ஜனவரி, ஞாயிறு, இரவு 8.20

எத்தன கிராம் கழிச்சாங்க?

பனிக்காட்டு வாத்தி
ஜனவரி, ஞாயிறு, இரவு 8.26

அரைக் கிலோ, ஐயா. போத்தல் மொத்தமே 130 கிராம். நாளைக்கு அத்தைக்காகப் போய்ப் பேசணும்.